மானின் வாய்க்கு எட்டாத உயரம்

ஜெர்மனியின் தென்கோடியில், பவேரிய ஆல்ப்ஸ் சரிவுகளில், நூற்றைம்பது வயதைத் தாண்டிய வெள்ளி ஃபர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அப்படி ஒரு மரத்தடியில் குனிந்து பார்த்தால், பாசிக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஃபர் நாற்றுகள் பத்துப் பதினைந்து தென்படும். சந்தோஷமாக நிமிர்ந்து சுற்றிப் பார்க்கும்போதுதான் விஷயம் உறுத்தும். முழங்கால் உயரத்தில் ஒரு ஃபர் கிடையாது. இடுப்பு உயரத்தில் கிடையாது. ஆள் உயரத்திலும் கிடையாது. பாட்டியும் கைக்குழந்தைகளும் மட்டும் இருக்கிற வீட்டைப் போல, நடுவில் இரண்டு தலைமுறையைக் காணோம்.

எல்லாச் சரிவும் இப்படி இல்லை. ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் அங்கே நிறைய உண்டு. இந்தக் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதா என்று கேட்டால், நாற்றை எண்ணுகிறவர் ஆமாம் என்பார், மரமாகப் போவதை எண்ணுகிறவர் இல்லை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. எதை எண்ணுகிறோம் என்பதிலேயே பதில் பாதி முடிவாகிவிடுகிறது. மத்திய ஐரோப்பாவின் வனத்துறையினர் நூறாண்டுக்கு மேலாக இதில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டிய மரத்துக்குப் பதிலாக நாற்றங்காலில் வளர்த்த கன்றைக் கொண்டுவந்து நடாமல், நிற்கிற மரங்களின் விதையிலிருந்தே அடுத்த தலைமுறையை எழவிடுவதைத்தான் இயற்கை மீளுருவாக்கம் என்கிறோம். செலவு குறைவு. வேரைப் பிடுங்கி இடம் மாற்றாததால் கன்று உறுதியாகப் பிடிக்கும். எந்த மண்ணில் எது வரும் என்று நாம் ஊகிப்பதைவிடக் காடே முடிவு செய்வது பல நேரம் மேல். ஜெர்மனியில் இது ஏதோ ஓரத்தில் நடக்கும் சோதனை அல்ல. 2012-ஆம் ஆண்டின் தேசிய வனக் கணக்கெடுப்புப்படி அந்த நாட்டின் இளங்காட்டில் சுமார் 85 விழுக்காடு இப்படித் தானாக வந்ததுதான்.

நிலைத்த வன மேலாண்மை என்ற சிந்தனையே அந்த மண்ணில் எழுத்தில் வந்ததுதான். சாக்சனியின் ஃப்ரைபெர்க் நகரில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், 1713-இல் எழுதிய நூலில், வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்ற கருத்தை முன்வைத்தார். வெள்ளிச் சுரங்கங்களும் உலோகம் உருக்கும் உலைகளும் சுற்றுவட்டார விறகையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. இதில் ஒரு முரண் உண்டு. அந்தக் கவலைக்குப் பின்வந்த தலைமுறைகள் கண்டுபிடித்த மருந்து, சிப்பாய் வரிசை மாதிரி நட்ட, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் ஒற்றை இனத் தோட்டங்கள். வேகமாக வளரும், நேராக வளரும், கணக்குப் போடவும் எளிது. 1886-இல் மியூனிக் பேராசிரியர் கார்ல் கேயர் கலப்புக் காட்டுக்காக ஒரு நூலே எழுதி வாதாடினார். அவர் பேச்சை அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புயலும், மரப்பட்டையைத் துளைக்கும் பட்டை வண்டும் போட்டுக்கொள்ள வைத்தன. 2018-இல் தொடங்கிய வறட்சிக்குப் பிறகு, 2021 ஏப்ரலுக்குள் ஜெர்மனி இழந்த மரப்பரப்பு ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேர். பெரும்பாலும் ஸ்புரூஸ்.

ஆக, இப்போது எல்லோருக்கும் கலப்புக் காடு வேண்டும். ஆல்ப்ஸ் பகுதியில் அது முக்கியமாக ஸ்புரூஸ், ஃபர், பீச் என்ற மூன்று மரங்களின் கூட்டு. இடையிடையே மேப்பிள், ஆஷ், ரோவன். தாழ்வான பகுதிகளில் ஓக். ஒற்றை இனக் காட்டில், போதுமான கன்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். கலப்புக் காட்டில், ஒவ்வோர் இனத்திலும் போதுமான கன்று இருக்கிறதா, இருப்பது ஒன்றையொன்று அழுத்தாமல் மேலே வருமா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, எண்ணுவது எப்படி? காடு முழுவதும் எண்ண முடியாது என்பதால் மாதிரி வட்டம் போடுவார்கள். ஜெர்மன் தேசியக் கணக்கெடுப்பில் 20 முதல் 50 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள கன்றுகளை 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலும், அதற்கு மேல் வளர்ந்து இன்னும் 7 சென்டிமீட்டர் தடிமனைத் தொடாதவற்றை 2 மீட்டர் ஆர வட்டத்திலும் எண்ணுகிறார்கள். 1 மீட்டர் ஆர வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். அதற்குள் ஒரு கன்று இருந்தால் ஹெக்டேருக்கு 3,183 கன்று என்று கணக்கு. 2 மீட்டர் வட்டத்தில் ஒரு கன்று என்றால் ஹெக்டேருக்கு 796. கன்று சிறிதாக இருந்தால் நெருக்கமாக இருக்கும், சின்ன வட்டம் போதும். வளர வளரக் கலையும், பெரிய வட்டம் வேண்டும். எளிய யோசனைதான், ஆனால் எண்ணுகிறவரின் முதுகெலும்பைக் காப்பாற்றிய யோசனை.

இந்த மாதிரி எடுக்கும் பழக்கத்துக்கு நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. ஜெர்மனியின் பான் நகரத்தவரான டீட்ரிச் பிராண்டிஸ் 1856-இல் பர்மாவுக்கு வந்து தேக்குக் காடுகளை அளந்தார். யானை மேல் போனபடியே, வழியில் தெரிந்த தேக்குகளைப் பருமன் வாரியாகப் பிரித்து, கையிலிருந்த குச்சிகளில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு எண்ணினார் என்பது வனத்துறை வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அவரே 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் ஆனார். அவர் எண்ணியது பெரும்பாலும் வெட்டத் தகுந்த, தகுதிக்கு நெருங்கிக்கொண்டிருந்த மரங்களை. யானை முதுகிலிருந்து நாற்று தெரியாது என்பது வேறு விஷயம்.

நாற்று தெரிகிற உயரத்துக்கு இறங்கினால் முதலில் ஏமாற்றுவது சராசரி. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 50 வட்டம் போடுகிறோம், ஒவ்வொன்றும் 1 மீட்டர் ஆரம். 40 வட்டத்தில் ஒன்றுமே இல்லை. மீதி 10-இல் எட்டெட்டு பீச் கன்றுகள். மொத்தம் 80 கன்று, வட்டத்துக்குச் சராசரி 1.6. ஹெக்டேருக்கு மாற்றினால் 5,000-ஐத் தாண்டும். அறிக்கையில் ‘ஹெக்டேருக்கு 5,000 கன்று’ என்று எழுதினால் யாருக்கும் கவலை வராது. ஆனால் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு காலி. அங்கங்கே கொத்தாக அடித்துக்கொண்டு வளரும் பீச்சில் கடைசியில் கொத்துக்கு ஒன்று இரண்டுதான் மிஞ்சும். அதனால் அனுபவப்பட்டவர்கள் சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை வட்டத்தில் குறைந்தது ஒரு நல்ல கன்றாவது இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், ஓர் அறிக்கையில் காலி வட்டங்களின் விழுக்காடு இல்லையென்றால் மற்ற எண்களைப் படிக்க அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்து ஏமாற்றுவது ஆண்டு. ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்த மாமரம் மறு வருடம் ஓய்வெடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பீச் மரங்கள் இதை ஊர்கூடிச் செய்யும். சில ஆண்டுகள் பெயருக்குக் காய்த்துவிட்டு, ஏதோ ஓர் ஆண்டில் ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒன்றாகக் கொட்டித் தீர்க்கும். எலியும் காட்டுப்பன்றியும் தின்று தீர்க்க முடியாத அளவு விதை தரையில் கிடக்கும். மறு வசந்தத்தில் போய் எண்ணினால் ஹெக்டேருக்கு லட்சக்கணக்கில் வரும். அதற்கடுத்த வசந்தத்தில் போனால், நத்தையும் பூஞ்சையும் பின்பனியும் கோடை வறட்சியும் பங்கு கேட்டது போக ஒரு சிறு பகுதிதான் இருக்கும். இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் காட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் காகிதத்தில் பெரும் சரிவு. 20 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பல கணக்கெடுப்புகள் தனியாக வைப்பதற்கு இதுதான் காரணம். அந்த உயரத்தில் இருப்பது விதை ஆண்டின் எதிரொலி. காட்டின் போக்கு தெரிவது அதற்கு மேலே.

ஒவ்வொரு மரத்தின் வருகையும் ஒவ்வொரு விதம். உயர்ந்த மலைக்காட்டில் ஸ்புரூஸ் நாற்று, புல் அடைத்த தரையைவிட, விழுந்து மக்கிப்போன பழைய மரத்தின் முதுகில்தான் நன்றாக வரும். அங்கே புல்லின் போட்டி இல்லை, பனியும் சீக்கிரம் உருகும். தரையில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டால் இந்த மரக்கட்டைகள் தப்பிப்போகலாம். ஓக் இன்னும் வேடிக்கை. அதன் கொட்டை கனமானது, தாய்மரத்தடியிலேயே விழும். ஆனால் ஒரு ஓக் கூட இல்லாத பைன் தோப்புக்குள் திடீரென்று ஓக் கன்றுகள் முளைத்திருக்கும். ஜே என்ற, காக்கைக் குடும்பத்துப் பறவையின் வேலை அது. குளிர்காலத்துக்கென்று கொட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் புதைத்துவைக்கும், எடுக்காமல் விட்டவை முளைத்துவிடும். கம்பத்தின் மேல் தட்டு வைத்து ஓக் கொட்டைகளை நிரப்பி, ஜேக்களை வேலைக்கு அமர்த்துகிற வனத்துறையினர் ஜெர்மனியில் இருக்கிறார்கள். கூலி, அதே கொட்டைதான்.

இப்போது மானுக்கு வருவோம். பவேரியாவில் இந்த விஷயத்தை மான் இல்லாமல் பேசவே முடியாது.

ஓநாயும் லிங்க்ஸ் பூனையும் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வேட்டையாடி ஒழிக்கப்பட்டன. ரோ மானும் செம்மானும் பெருகின. எல்லா மரமும் மானுக்கு ஒரே ருசி அல்ல. ஃபர், மேப்பிள், ஓக், ரோவன் என்றால் உயிர். பீச் பரவாயில்லை ரகம். குத்தும் ஊசியிலை கொண்ட ஸ்புரூஸ், வேறு வழியில்லாதபோதுதான். கன்றைப் பிடுங்கித் தின்பதைவிட அது செய்யும் பெரிய கேடு நுனிக் கொழுந்தைக் கிள்ளுவது. கன்று சாகாது, பக்கவாட்டில் புதராகக் கிளைக்கும், மறு ஆண்டு மறுபடியும் கடி வாங்கும். பத்து வயதாகியும் கணுக்கால் உயரத்தில் ஒரு போன்சாய் மாதிரி நிற்கும் ஃபர் கன்றுகள் அங்கே சாதாரணம். பக்கத்தில் சீண்டுவாரில்லாத ஸ்புரூஸ் நிம்மதியாக வளர்ந்து தாண்டிப் போய்விடும். கலப்புக் காடு ஒற்றை இனக் காடாக மாறுவது இப்படித்தான், கோடரியே படாமல்.

யார் கடித்தது என்பதையும் பார்த்தே சொல்லிவிடலாம். மானுக்கும், நம் ஊர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போலவே, மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் கடித்த இடம் நார் நாராகப் பிய்ந்திருக்கும். முயலுக்கு மேலும் கீழும் பல் உண்டு. கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். வேட்டைக்காரர் ‘அது முயல்’ என்று சொல்லும்போது வனத்துறைக்காரர் கொழுந்தைத் திருப்பிக் காட்டுவதற்கு இந்த வித்தியாசம் உதவும்.

பவேரிய அரசு 1986 முதல் ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை மாநிலம் முழுவதும் இந்தக் கடியைக் கணக்கெடுக்கிறது. வசந்தத்தில் புதுத் தளிர் விடும் முன், போன குளிர்காலத்தின் கடி அப்படியே தெரியும்போது, அலுவலர்கள் காட்டுக்குள் இறங்குவார்கள். தேர்ந்தெடுத்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேர்கோடு, அதில் ஐந்து புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் அருகிலிருக்கும் 15 கன்றுகள், அதாவது 20 சென்டிமீட்டருக்கு மேல், மானின் வாய் எட்டும் உயரத்துக்குள் இருப்பவை. இனம் என்ன, உயரம் என்ன, நுனி கடிபட்டதா, மேல் பகுதியின் பக்கக் கொழுந்து கடிபட்டதா என்று பதிவாகும். குட்டி நாற்றுகளும் மானுக்கு எட்டாமல் தப்பியவையும் தனிக் கணக்கு. ஒரு சுற்றில் 20,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 20 லட்சம் கன்றுகள் இப்படிப் பரிசோதிக்கப்படுகின்றன. நில உடைமையாளரும் வேட்டைக்காரரும் கூடவே வந்து பார்க்கலாம்.

வேட்டைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். மாநிலத்தில் சுமார் 750 வேட்டை வட்டாரக் கூட்டமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கின்படி ஒரு தீர்ப்பு வரும்: கடி நல்ல நிலையில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம், அதிகம், மிக அதிகம். அதையொட்டி அடுத்த மூன்றாண்டுக்கு எத்தனை ரோ மான்களைச் சுட வேண்டும், கூட்டுவதா குறைப்பதா என்ற பரிந்துரை. பவேரியச் சட்டத்தில் ‘வேட்டை விலங்குக்கு முன் காடு’ என்ற கொள்கையே இடம்பெற்றிருக்கிறது. 2018, 2021 சுற்றுகளில் ஏறக்குறைய பாதி வட்டாரங்களுக்கு ‘அதிகம்’ அல்லது அதற்கு மேலான தீர்ப்பு. கொழுந்து எண்ணுகிற வேலை ஏன் அங்கே ஊர்ச் சண்டையாகிறது என்று இப்போது புரியும். மரம் வளர்ப்பவரின் பணமும், வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரின் பணமும் ஒரே கொழுந்தில் தொங்குகின்றன.

இவ்வளவு பெரிய கணக்கெடுப்பிலும் ஓட்டை உண்டு. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான். கடி விழுக்காடு என்பது உயிரோடு மிஞ்சியிருக்கும் கன்றுகளில் எத்தனை கடிபட்டன என்பதைச் சொல்கிறது. முளைத்த முதல் கோடையிலேயே வித்திலையோடு சேர்த்துத் தின்னப்பட்ட நாற்று எந்தக் கணக்கிலும் வராது. அது 20 சென்டிமீட்டரை எட்டவே இல்லையே. ஃபர் எல்லாம் அப்படிப் போய்விட்டு ஸ்புரூஸ் மட்டும் மிஞ்சிய சரிவில் போய் எண்ணினால் கடி விழுக்காடு அழகாகக் குறைந்திருக்கும். கடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் அதற்குக் காரணம். போதாததற்கு, ஓரளவாவது கன்று அடர்ந்த இடங்களில்தான் கோடு போடுகிறார்கள், 75 கன்று கிடைக்க வேண்டுமே. கன்றே வராத இடம் தேர்விலேயே கழிந்துவிடும். பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எடைபோட்டு ஊரின் ஊட்டச்சத்தைச் சொல்வதைப் போல.

இதைப் பிடிக்க ஒரே வழி வேலி. ஒரே மாதிரியான இரண்டு துண்டு நிலம், ஒன்றைச் சுற்றி மான் நுழையாத கம்பி வேலி, இன்னொன்று திறந்தபடி. ஐந்தாறு ஆண்டு கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன வந்திருக்க வேண்டும், என்ன வரவில்லை என்று தெரிந்துவிடும். மியூனிக் பல்கலைக்கழகத்தார் 1976-இல் பவேரியாவின் சீம்காவ் ஆல்ப்ஸில் தொடங்கிய ஆய்வு இந்த வகையில் பேர் போனது. மேலே விதானத்தை, அதாவது பெரிய மரங்களின் கிளைக் கூரையை, வெவ்வேறு அளவில் திறந்துவிட்டு, கீழே வேலி போட்டும் போடாமலும் பார்த்தார்கள். லேசாகத் திறந்த நிழலில் எல்லா இன நாற்றும் முளைத்தன. வேலிக்குள் ஃபரும் மேப்பிளும் மேலே ஏறின. வெளியே அவை ஒன்றொன்றாக உதிர்ந்து, ஸ்புரூஸின் பங்கு கூடிக்கொண்டே போனது. முளைக்க வைப்பது வெளிச்சம், பிழைக்க விடுவது மான் என்று இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டது அந்த ஆய்வு. வனத்துறையாளர் கோடரியை எவ்வளவு நுணுக்கமாகப் பயன்படுத்தினாலும் அது பாதி வேலைதான்.

ஆனால் வேலியும் நடுநிலை சாட்சி அல்ல. மான் போகாத இடத்தில் பிளாக்பெர்ரி முட்புதர் கட்டுக்கடங்காமல் படர்ந்து நாற்றுகளை அமுக்கிவிடும். அப்போது வேலிக்குள் ஃபர் குறைவாக இருப்பதைக் காட்டி, ‘பார், மான் இல்லாவிட்டாலும் வரவில்லை’ என்பார் ஒரு தரப்பு. கடிக்கும் மான் முட்புதரையும் கடிக்கும் என்பது உண்மைதான். மானே இல்லாத காடும் இயற்கையான காடு இல்லை. எவ்வளவு மான் என்பதுதான் விவகாரம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன், கொஞ்சம் விரிக்கலாம். ஃபர் நிழலில் காத்திருப்பதில் மன்னன். தாய்மரத்தின் அடர் நிழலில் பல பத்தாண்டுகள், ஒரு சில சென்டிமீட்டர் வளர்ச்சியோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்ததும் பாயும். பீச்சும் நிழல் தாங்கும், ஆனால் வெளிச்சம் கிடைத்தால் ஃபரைவிட வேகமாக எழும். ஓக்குக்குக் காத்திருக்கும் பழக்கமே இல்லை. சில ஆண்டுக்குள் வெளிச்சம் கிடைக்காவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஒரு வட்டத்தில் 10 பீச், 10 ஃபர் என்று சரிபாதி கலப்பு இருக்கிறது என்று எழுதுவதில் அர்த்தம் குறைவு. பீச் இரண்டு மீட்டரிலும் ஃபர் நாற்பது சென்டிமீட்டரிலும் நின்றால், விதானத்தைத் திறந்த பத்தாவது ஆண்டில் அது பீச் காடு. எந்த இனம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால்தான் எதிர்காலக் கலப்பு தெரியும்.

நாற்றை எண்ணாமலே மீளுருவாக்கத்தை மதிப்பிட்ட ஒரு சிந்தனை மரபும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில், கூவே என்ற ஊரின் பொதுக்காட்டில், ஹென்றி பியோலி 1890 முதல் எல்லா மரங்களையும் சில ஆண்டுக்கு ஒருமுறை அளந்து வந்தார். 17.5 சென்டிமீட்டர் தடிமனைத் தொட்ட மரம்தான் கணக்கில் சேரும். கீழே என்ன முளைத்தது என்பதைப் பற்றிக் கவலையில்லை. இரண்டு அளவைகளுக்கு நடுவில் எத்தனை புது மரங்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தன என்று பார்த்தால் போதும். எல்லா வயது மரங்களும் ஒன்றாக நின்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டப்படும் காட்டுக்கு இது அருமையான முறை. பொய் சொல்லாத எண். தாமதமாக வரும் எண் என்பதுதான் அதன் குறை. நிழலில் வளரும் ஃபர் விதையிலிருந்து அந்தத் தடிமனை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேலும் ஆகலாம். இன்று மான் பெருகி நாற்றெல்லாம் போனால், வாசலில் ஆள் வரத்துக் குறைவது நம் பேரன் காலத்தில்தான் தெரியவரும்.

இன்னொரு கேள்வி எண்ணிக்கைக்கே வெளியே இருக்கிறது. தாழ்நிலப் பவேரியாவில் பல பழைய ஸ்புரூஸ் தோட்டங்களின் அடியில் ஸ்புரூஸ் நாற்று புல் மாதிரி அடர்ந்து நிற்கிறது. எந்த அளவுகோலிலும் இது வெற்றிகரமான மீளுருவாக்கம். ஆனால் அந்தச் சூட்டையும் வறட்சியையும் தாங்காமல் மேலே நிற்கும் தாய்மரங்களே பட்டை வண்டுக்கு விழுந்துகொண்டிருக்கின்றன. அதே மரத்தின் குழந்தைகள் அதே இடத்தில் நூறாண்டு நிற்கும் என்று எந்த நம்பிக்கையில் ‘திருப்தி’ என்று எழுதுவது? இங்கேதான் இயற்கை மீளுருவாக்கத்தின் மீது எனக்கிருக்கும் மரியாதைக்கும் ஓர் எல்லை வருகிறது. காடு தன்னிடம் இருக்கும் விதையைத்தான் போட முடியும். அங்கே இல்லாத ஃபரையும் ஓக்கையும் மனிதரோ ஜேயோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் நுனிக்கடி ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கேட்க அவ்வளவு மோசமாக இல்லை, நூறில் 85 தப்பிக்கிறதே. கன்று 20 சென்டிமீட்டரில் கணக்குக்குள் வருகிறது, ரோ மானின் வாய்க்கு மேலே போக சுமார் 130 சென்டிமீட்டர் வேண்டும். நடுவில் 110 சென்டிமீட்டர். நல்ல வெளிச்சத்தில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் எழும் பீச்சுக்கு அது ஆறு குளிர்காலம். ஆறிலும் கடிபடாமல் தப்புவது நூறில் 38 கன்று. நிழலில் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வளரும் ஃபருக்கு அதே தூரம் 22 குளிர்காலம். அத்தனையிலும் தப்புவது நூறில் மூன்று. கடி விழுக்காடு இரண்டுக்கும் ஒன்றேதான். நிஜத்தில் கடிபட்ட கன்று உடனே செத்துவிடாது, ஒரே கன்று திரும்பத் திரும்பக் கடிபடுவதும் உண்டு, அதனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரே விழுக்காட்டை எல்லா இனத்துக்கும் பொதுவான வரம்பாக வைத்தால் யார் தோற்பார் என்று காட்ட இது போதும்.

22 ஆண்டு என்றால் பவேரியக் கணக்கெடுப்பில் ஏழு சுற்று. 2024-இல் முதல்முறையாக 20 சென்டிமீட்டரைத் தாண்டிப் பதிவேட்டில் ஏறிய ஒரு நிழல் ஃபர், எல்லாம் நல்லபடியாக நடந்தால், 2045-ஆம் ஆண்டுச் சுற்றிலும் அதே பட்டியலில்தான் இருக்கும். அதன் பக்கத்தில் மண்டியிட்டு முதல் குறிப்பை எழுதியவர் அதற்குள் ஓய்வு பெற்றிருக்கலாம்.